வால் பக்கம் நின்று பார்த்தது

என் விமானம் முதன்முதலாகப் பறந்தது நான்கு விநாடி. அதில் ஒரு விநாடி, வீசியவர் கையிலேயே இருந்த நேரம் என்று என் கணவர் இன்றைக்கும் கழித்துச் சொல்கிறார்.

அறுவடை முடிந்த நெல்வயல் அது. பாலம் தாண்டி, செபராங் பிறைப் பக்கம். நாங்கள் இருப்பது பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில். எனக்கு வேலை பாயான் பாருவில், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். அங்கே விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ரிமோட்டில் ஓடும் சின்ன விமானத்தைக்கூட மேலே ஏற்றக்கூடாது. அதனால் பறக்க விடுகிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாலம் ஏறிவிடுவோம்.

அன்றைக்கு விமானத்தைக் கையில் பிடித்து எனக்காக வீசியவர் நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அவர் கடையில்தான். குழம்புத் தட்டுகளுக்கு மேலே, கூரையில், வெள்ளை நுரை அட்டையில் செய்த ஒரு விமானம் தொங்கும். மீன் தலைக் குழம்பின் ஆவி பட்டுப் பட்டு அதன் வயிறு மஞ்சள் பூத்திருக்கும். "இது பறக்குமா தம்பி, சும்மா அழகுக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "அக்கா, என் கடையில அழகுக்குன்னு எதுவும் இல்லே. நானே வேலை பாக்குறேன் பாருங்க" என்றார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். அந்த வாரமே வயலுக்குக் கூட்டிப் போனார். மறுமாதம் நானும் ஒன்று வாங்கினேன். மற்றதெல்லாம் வீடியோ பார்த்து, நானாகக் கற்றுக்கொண்டது.

அவர் வீசினார். விமானம் நேராகத்தான் போனது. பிறகு லேசாக இடது பக்கம் சாய்ந்தது. கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். இன்னும் சாய்ந்து, அப்படியே திரும்பி, நாங்கள் எல்லாரும் உட்காரும் கூடாரத்தைப் பார்த்து வந்து, நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த ஐஸ் பெட்டியில் மோதி நின்றது. பெட்டியில் மூக்கு அளவுக்கு ஒரு பள்ளம். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முழம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

எனக்கு முகமெல்லாம் சூடு. அப்போது என் வாய் ஒரு காரியம் செய்தது. "தம்பி, நீங்க சாய்ச்சு வீசிட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கும்க்கா. காலையில பிரியாணி சட்டி தூக்கின கை. ஒரு பக்கமாத்தான் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் அங்கிள் ஒருவர்தான். ஓய்வு பெற்ற சீனர். அந்த வயலை ஒரு விவசாயியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, புல் வெட்டி, ஆட்கள் நிற்கும் இடத்துக்கு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருப்பவர் அவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். பாதி வாழ்நாளைப் பசாரில் தமிழர்களோடு கழித்தவர் என்பதால் நடுநடுவே தமிழும் வரும். உடைந்த இறக்கையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த நிலம் நம்மது இல்லே. ஒரு ஆளுக்கு ரத்தம் வந்தா, அடுத்த வாரம் இங்கே எவனும் இல்லே. ரெண்டு ஞாயிறு நீ பறக்காதே. மூணாவது ஞாயிறு வா. எல்லார் முன்னாலும் செக் பண்ணு. மூணு சுற்று, ஒரு இறக்கம். தனியா. சரியா வந்தா, நீ இங்கே சொந்தமா பறக்கலாம். வரலேன்னா, இது."

கூடார மேசையில் கிடந்த ஒரு கறுப்பு கேபிளைத் தொட்டுக் காட்டினார். இரண்டு ரிமோட்டை இணைக்கும் கேபிள் அது. ஒரு முனை கற்றுக்கொள்பவரிடம், மறுமுனை தெரிந்தவரிடம். தப்பு வரும்போது தெரிந்தவர் பிடுங்கிக்கொள்வார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பது மாதிரி.

"எத்தனை நாளைக்கு அங்கிள்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

நாற்பத்தேழு வயதில் என் கையை இன்னொருவர் பிடிப்பதா? மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். மூன்றாவது ஞாயிறு நான் தனியாகப் பறப்பேன். அது ஒன்றுதான் எனக்கு.

என் வீம்புக்கு ஒரு காரணம் உண்டு. நான் இருபத்திரண்டு வருடமாகச் சோதனை பார்ப்பவள். தொழிற்சாலையில் லைன் முடிவில் நான்தான். என் கையைத் தாண்டாமல் ஒரு சர்க்யூட் பலகை பெட்டிக்குள் போகாது. நான் சேர்ந்த புதிதில் லைன் லீடராக இருந்த அக்கா ஒருத்தி சொல்வாள்: "பாத்தேன்னு சொல்லாதே. தொட்டேன்னு சொல்லு." அந்த வாக்கை நான் விட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் சோதிக்காமலா விமானத்தைக் கொண்டுபோயிருப்பேன்?

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாம் செய்திருந்தேன். முதல் வேலையாக முன்னாலிருக்கும் விசிறியைக் கழற்றிவிடுவேன். மோட்டார் தப்பித் தவறிச் சுற்றினால் விரல் இருக்காது. இறக்கைக்கு அடியில் குறித்த புள்ளியில் இரண்டு விரலால் தூக்கி, மூக்கு லேசாகத் தாழ்கிறதா என்று பார்ப்பேன். வால் தாழ்ந்தால் பேட்டரியை இன்னும் முன்னால் தள்ளுவேன். ரிமோட்டை முதலில் போட்டு, பிறகுதான் விமானத்தில் பேட்டரி, அணைக்கும்போது தலைகீழ். திடீரென்று ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதையும் பார்ப்பேன். பேட்டரியை எழுந்து போகாமல், பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சார்ஜ் செய்வேன், அதுவும் மண்சட்டிக்குள் வைத்து. தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்று. என் கணவருக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. "மீன் சட்டியில பேட்டரியா? அப்போ மீனை எதுல சார்ஜ் பண்றது?" என்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் பயணிகளிடம் வாயைக் கட்டி வைத்திருந்து, வீட்டுக்கு வந்து என்னிடம் அவிழ்ப்பார்.

வயலில், வீசுவதற்கு முன் கடைக்காரத் தம்பி கேட்டார்: "செக் பண்ணியாச்சாக்கா?"

"வீட்டுலயே முடிச்சாச்சு. பாஸ்."

நான் பாஸ் என்று சொன்னால் அந்தப் பக்கம் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் அப்படித்தான். அவரும் பார்க்கவில்லை.

உடைந்த இறக்கையைப் பசை வைத்து ஒட்டினேன். உள்ளே ஒரு மெல்லிய மூங்கில் குச்சி கொடுத்தேன். இரண்டு நாளில் காய்ந்தது. மறுபடி மேசையில் வைத்துச் சோதித்தேன். ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினால் இறக்கையின் பின்விளிம்பில் கதவு போல அசையும் மடல், வலது பக்கத்தில் மேலே ஏற வேண்டும். இடது பக்கத்தில் இறங்க வேண்டும். ஏறியது. இறங்கியது. விரலால் தொட்டும் பார்த்தேன். தப்பே இல்லை.

அப்படியென்றால் ரிமோட்டிலிருந்து போகும் ரேடியோ சிக்னலில் கோளாறு. அல்லது அந்தத் தம்பியின் பிரியாணிக் கை. மறுவாரம் புதன்கிழமை சாயங்காலம் நான் இதை என் கணவரிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில் விமானம், மூக்கு என்னைப் பார்த்து.

"பாருங்க, வலது தள்றேன். வலது மடல் மேல வருது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"எந்த வலது?"

"வலதுன்னா வலது லா. அதுல எந்த வலது?"

"எனக்கு இடதுதான் மேல வருது."

"நீங்க எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கீங்க."

அவர் சோற்றுக் கையோடு விமானத்தைக் காட்டினார். "வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது? உன்னைப் பாத்து. அப்போ டிரைவர் எப்படி உக்காந்திருப்பான்? என்னை மாதிரி, உன்னைப் பாத்து. நான் சரியாத்தான் உக்காந்திருக்கேன். நீதான் வண்டிக்கு முன்னால நிக்கிறே."

குச்சியை இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தேன்.

"எங்க டெப்போல இதே கதைதான். பஸ்சை உள்ள விடுறப்போ ஒருத்தன் எதிர நின்னு கையாட்டுவான். லெப்ட், லெப்ட்னு கத்துவான். அவன் லெப்டா, என் லெப்டா? ரெண்டு தடவை தூண்ல விட்டதுக்கு அப்புறம் லெப்டு ரைட்டு யாரும் சொல்லக்கூடாதுன்னு ரூலு. இப்போ 'தூண் பக்கம்', 'கேட்டுப் பக்கம்', அவ்வளவுதான்."

எழுந்து அவர் பக்கம் போனேன். வால் பக்கம் நின்று குச்சியை வலது தள்ளினேன். இடது மடல் ஏறியது. வால் மடலும் அப்படியே, தலைகீழ்.

வாங்கிய அன்று அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் எதிரில் நின்று பார்த்து, தப்பு என்று நினைத்து, ரிமோட்டில் அதைத் திருப்பிவிட்டிருக்கிறேன். சரியாக இருந்ததைச் சோதனை பார்த்தே கெடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக என் லைனில் பலகைகள் என் முகத்தைப் பார்த்துத்தான் வரும். எதிரில் நின்று பார்ப்பதுதான் எனக்குப் பார்ப்பது. பலகைக்குள் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. விமானத்தில் ஓட்டுகிறவனின் இடத்தில் நான் இருக்கிறேன் என்பது என் கைக்கும் கண்ணுக்கும் தோன்றவே இல்லை.

தொட்டுப் பார்த்தேன்தான். தப்பான பக்கத்திலிருந்து தொட்டேன்.

"என்னா, பேச்சே காணோம்?" என்றார்.

"சாப்பிடுங்க" என்றேன்.

அமைப்பைத் திருப்பிப் போட அரை நிமிடம் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஞாயிறு போய், பறந்து காட்டிவிட்டு வந்துவிடலாம். கேட்டால் ரேடியோ என்று சொல்லலாம். இந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, ஒரு முழு நாள் என்னோடு வேலைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கை. திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தக் கை. அவர் என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பிரியாணிக் கதையைச் சொன்னார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அடுத்த பத்து நாளும் வேலை முடிந்து வந்ததும் விமானத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி நடைபாதையில் நடந்தேன். போகும்போது சிக்கல் இல்லை. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்றுதான். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போதுதான் மறுபடி அதே வினை. மேசையில் என்னைக் கவிழ்த்தது வானத்திலும் கவிழ்க்கும். வீடியோவில் ஒருவர் சொன்னார்: வரும்போது வலது இடது யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, சரியும் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பது போல. எனக்கு டெப்போ தூண் ஞாபகம் வந்தது. தூண் பக்கம், கேட்டுப் பக்கம். தாழ்ந்த பக்கம். அவ்வளவுதான்.

எதிர் வீட்டுப் பெண் கதவு திறந்து பார்த்தாள். "அக்கா, லங்காவிக்கு ஒரு சீட்டு இருக்கா?"

"இந்த பிளைட்டு திரும்பி வர்றதே கஷ்டம்மா. நீ கப்பல்லயே போ" என்றேன்.

மூன்றாவது ஞாயிறு என் கணவரும் வந்தார். "வேடிக்கை பாக்க இல்லே. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல உக்காராம இருக்க ஒரு ஆள் சொல்லணும்ல" என்றார். பாலத்தில் வரும்போது கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. பத்து மணிக்கு மேல்தான் காற்று எழும்.

வயலில் ஏழெட்டு பேர். கூடார மேசையில் அந்தக் கறுப்பு கேபிள், சுருட்டாமல், நீட்டி வைத்திருந்தது. ஐஸ் பெட்டி அதே பள்ளத்தோடு அதே இடத்தில்.

"ஹா, வா" என்றார் அங்கிள். "என்னா கோளாறு? ரேடியோவா?"

"ரேடியோல ஒண்ணும் இல்லே அங்கிள்." விமானத்தை மேசையில் வைத்தேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. "தப்பு என்னோடது. முன்னால நின்னு செக் பண்ணேன். வலது இடது மாறிப் போச்சு. நானே ரிமோட்ல திருப்பிட்டேன். இந்தத் தம்பி நேராத்தான் வீசினாரு. நான்தான் அவர் மேல பழியைப் போட்டேன்."

 

கடைக்காரத் தம்பி தன் கையை உயர்த்திக் காட்டினார். "கேட்டீங்களா எல்லாரும்? மூணு வாரமா இந்தக் கையை வச்சு சிரிச்சீங்க. ஒருத்தன், அந்தக் கை கோணல்னு, என்னை இடது கையால சோறு போடச் சொன்னான். இப்போ வரிசையா வந்து கை குடுங்க."

சிரிப்பு எழுந்தது. அங்கிள் சிரித்த மாதிரி தெரியவில்லை. "சரி, செக் பண்ணு. சத்தமா" என்றார்.

விமானத்தைப் புல்லில் வைத்தேன், மூக்கு ஆட்கள் இல்லாத வயலைப் பார்த்து. இந்த முறை விசிறி மாட்டியிருந்தது. அதனால் அதற்கு முன்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. தம்பி பக்கவாட்டில் மண்டியிட்டு உடம்பைப் பிடித்துக்கொண்டார். நான் வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். ரிமோட் போட்டேன். மோட்டார் தவறிச் சுற்றாமல் இருக்க ரிமோட்டில் உள்ள பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு பேட்டரி.

"வலது. வலது மடல் மேல, இடது மடல் கீழ." குனிந்து விரலால் தொட்டேன். "இடது. இடது மேல, வலது கீழ. வால், வலது. வால், இடது. என் பக்கம் இழுத்தா வால் மடல் மேல."

தம்பி விமானத்தோடு முப்பது அடி எடுத்து வைத்துப் போனார். தூரத்துக்கும் சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க, ரிமோட்டின் சக்தியைக் குறைத்து வைத்துக் குச்சியை அசைத்தேன். அங்கிருந்து தலையாட்டினார். கம்பத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி கொஞ்சம்தான் ஆடியது. காற்று வரும் திசையைப் பார்த்து நின்றோம்.

"யார் வீசறது?" என்றார் அங்கிள்.

"தம்பிதான்" என்றேன். "அவர் கைதான் நேர்."

மோட்டார் பூட்டைத் திறந்தேன். அவர் வீசினார். லேசாக இடது சாய்ந்தது. அதே இடத்தில், அதே மாதிரி. வலது தள்ளினேன். நிமிர்ந்தது.

முதல் சுற்று எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். இரண்டாவது சுற்றில் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாவதில், தூரத்துத் தென்னைகளுக்கு மேலே திரும்பி, என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தபோது காற்று ஒரு தட்டுத் தட்டியது. ஒரு இறக்கை தாழ்ந்தது. விமானம் கூடாரப் பக்கம் இழுத்தது.

பக்கத்தில் நின்ற அங்கிளின் கை அசைந்தது தெரிந்தது. என் ரிமோட்டை நோக்கித்தான். அவர் தொட்டால் முடிந்தது.

"தாழ்ந்த பக்கம்" என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்கு என்று தெரியாது. தாழ்ந்த பக்கம் தள்ளினேன். கண் 'தப்பு, தப்பு' என்றது, கை கேட்கவில்லை. இறக்கை ஏறியது. மூக்கு விலகி, வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கமாக, வயலுக்கு நேராக வந்தது.

அங்கிளின் கை பாக்கெட்டுக்குள் போனது.

இறக்கும்போது வேகத்தைக் குறைக்கத் தாமதித்துவிட்டேன். வெட்டிய புல்லைத் தாண்டி, வரப்பையும் தாண்டி, அறுத்த தாளடிக்குள் வயிறு உரசிப் போய் நின்றது. ஆனால் ஆட்களை விட்டு விலகி. வெகுதூரம் விலகி.

பின்னாலிருந்து என் கணவரின் குரல்: "ஸ்டாப்புல நிக்காம போயிட்டே! பயணிங்க கத்தப் போறாங்க!"

மோட்டாரைப் பூட்டினேன். ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வயலுக்குள் நடந்தேன். அங்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. புல்லில் இறங்கவில்லை என்று அவர் சொன்னால் அது நியாயம்தான். சொன்னால் அடுத்த வாரமும் வருவேன், அதற்கடுத்த வாரமும் வருவேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வால் பக்கமாகப் போய்க் குனிந்து, முதலில் பேட்டரியைக் கழற்றினேன். அப்புறம்தான் ரிமோட். ஒட்டிய இடம் விரியவில்லை. மூங்கில் தாங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது மேசையில் கேபிள் இல்லை. அங்கிள் அதை முழங்கையில் சுற்றிச் சுற்றிச் சுருட்டி, ஒரு ரப்பர் வளையம் போட்டுத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்?"

"என்னா அங்கிள்? அடுத்த ஆள் காத்துகிட்டு இருக்கான். உன் விமானத்தை எடு, இடம் விடு" என்றார். பிறகு, பெட்டியை மூடிக்கொண்டே, "இறங்குறது மட்டும் இன்னும் கத்துக்க" என்றார்.

தம்பி ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு குளிர்பான டின்னை எடுத்து நீட்டினார். இடது கையால்.